எந்தத் தெருக் காற்று, எந்த நேரத்துக் காற்று?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சில காலமாக ஒரு யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் லாரிக்காகவும், வண்டி நிறுத்தும் இடத்துக்காகவும், மாடிப்படியில் செருப்பை விடலாமா கூடாதா என்பதற்காகவும் வழக்கமாக நடக்கும் யுத்தங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது ஒரு மகாபாரதமாகிவிடும்; ஆகையால் அவற்றை விட்டுவிடுகிறேன். இது காற்றுக்காக நடக்கும் யுத்தம். விலையில்லாமல் கிடைக்கிற ஒரே வஸ்துவுக்காகவும் பெரம்பூரில் சண்டை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பாங்க் மாமா தினந்தோறும் காலையில் காப்பியை முடித்த கையோடு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் குழுவில் போடுவார். ஒரு நாள் அவர் போட்ட படத்தில் 100 என்ற எண் இளம்பச்சை நிறத்தில், ‘திருப்திகரம்’ என்ற நற்சான்றிதழோடு வீற்றிருந்தது. ஐந்து நிமிஷத்துக்குள் முதல் மாடியில் இருக்கும் ஐ.டி. பிள்ளை தன்னுடைய கைப்பேசியிலிருந்து வேறொரு படத்தைப் போட்டான். அதில் 154. சிவப்பு நிறம். ‘ஆரோக்கியத்துக்குக் கேடு’ என்ற எச்சரிக்கை.

“மாமா, நீங்க அனுப்பறது தப்பு.”

“தம்பி, இது சர்க்கார் கணக்குப்பா!”

“அதனாலதான் மாமா சொல்றேன்.”

இதற்குப் பிறகு நடந்த சம்பாஷணையை இங்கே எழுதுவது நாகரிகமாக இராது. ஆனால் என்னுடைய மனத்தில் ஓர் எரிச்சல் தங்கிவிட்டது. ஒரே ஊர், ஒரே காலை, ஒரே காற்று. அதை ஒருவர் நிம்மதியாக சுவாசிக்கலாம் என்றும், இன்னொருவர் முகமூடி மாட்டிக்கொண்டு வெளியே வா என்றும் சொல்வதானால், குழந்தையை மைதானத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டிய சாமானிய மனிதன் யாரை நம்புவது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நாள் அலைந்தேன். அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். (அவசரக்காரர்களுக்கு முன்கூட்டியே ஒரு செய்தி: மாமாவும் பொய் சொல்லவில்லை, பிள்ளையும் பொய் சொல்லவில்லை.)

முதலில் அந்த 100, 154 விவகாரத்தைத் தீர்த்துவிடுவோம்.

நாம் ‘ஏக்யூஐ’ என்று சுருக்கமாகச் சொல்லும் காற்றுத் தரக் குறியீடு என்பது அளந்து எடுத்த எண் அன்று. அளந்து எடுத்த எண்ணிலிருந்து ஒரு சூத்திரத்தின்படி கணக்கிட்டு எடுத்த எண். யந்திரம் உண்மையில் அளப்பது, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் தூசி இருக்கிறது என்பதைத்தான். தலைமயிரின் குறுக்களவில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குக்கும் உட்பட்டதாய், மூக்கின் மயிருக்கும் தொண்டையின் சளிக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு நேரே நுரையீரலின் அடிவரைக்கும் போகவல்ல பி.எம். 2.5 என்ற நுண்துகள், அன்றைய தினம் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய சர்க்கார் 2009ஆம் வருஷத்தில் வகுத்த பிரமாணப்படி ஒரு நாளைக்கு 60 வரையில் அனுமதி உண்டு. ஆகவே 2015 ஏப்ரலில் பிரதம மந்திரி தொடங்கிவைத்த நம்முடைய தேசியக் குறியீட்டில் அந்த 60 என்பது சரியாக 100 ஆகிறது. ‘திருப்திகரம்’ என்ற வகுப்பின் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதே 60 மைக்ரோகிராமை அமெரிக்கச் சூத்திரத்தில் போட்டால் 154 வருகிறது. சிவப்புக் கட்டத்துக்குள் விழுகிறது. உலக சுகாதார ஸ்தாபனமோ 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அவர்கள் கணக்கில் அன்றைய பெரம்பூர்க் காற்று நான்கு மடங்கு.

காற்று ஒன்று. தீர்ப்பு மூன்று.

ஆக, குறியீடு என்பதில் விஞ்ஞானம் பாதி என்றால், மீதிப் பாதி, எவ்வளவு தூசியை நம் ஜனங்கள் சகித்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு தேசத்துச் சர்க்காரும் தனக்குள் செய்துகொண்ட நிர்ணயம். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தத் தேசத்து அளவுகோல் என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் சொல்லுகிறவர் பாதிச் சேதியைத்தான் சொல்லுகிறார். அந்நிய தேசத்துச் செயலிகள் பெரும்பாலும் அமெரிக்க அளவுகோலையே உபயோகிக்கின்றன. சர்க்கார் செயலி இந்திய அளவுகோலை உபயோகிக்கிறது. மாமாவும் பிள்ளையும் இரண்டு எண்களுக்கும் மூலமான மைக்ரோகிராம் கணக்கைப் பார்த்திருந்தால், இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்திருக்கும். (நான் எடுத்துச் சொன்னேன். இருவரும் சேர்ந்து என்மேல் கோபித்துக்கொண்டார்கள். சமாதானத் தூதர்களின் கதி இதுதான்.)

அளவுகோலை ஒழுங்கு செய்துகொண்ட பிற்பாடு அடுத்த சந்தேகம் வந்தது. இது எந்த இடத்துக் காற்று?

பெரம்பூரில் காற்றை அளக்கும் நிலையம் இல்லை. மணலியிலும், ஆலந்தூர் பஸ் டிப்போவிலும், வேளச்சேரியிலும் மத்திய வாரியத்தின் பெயரிலும், கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம், பெருங்குடி, மணலி கிராமம் ஆகிய இடங்களில் மாநில வாரியத்தின் பெயரிலும் தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. ஒரு செயலியில் ‘என் இருப்பிடம்’ என்று அமுக்கினால் எனக்குக் கொடுங்கையூரைக் காட்டுகிறது. இன்னொன்றில் அமுக்கினால் ராயபுரம் வருகிறது. மூன்றாவது செயலி ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘சென்னை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஓர் எண்ணை நீட்டுகிறது. கொடுங்கையூரில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது. ராயபுரத்துக்கு அருகில் துறைமுகமும், கன்டெய்னர் லாரிகளின் முடிவில்லாத ஊர்வலமும் இருக்கின்றன. குப்பைக் கிடங்கில் தீப்பிடித்த அன்றைக்கு எங்கள் வீட்டுக் காற்றும் கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம். காற்று எந்தப் பக்கம் வீசிற்று என்பதைப் பொறுத்தது அது. நிலையத்து யந்திரம் தன் மூக்குக்கு எட்டியதைச் சொல்கிறது. நம் தெருவுக்கும் அதுதான் என்று சொல்வது செயலி.

இதைவிட வேடிக்கை இன்னொன்று உண்டு. கைப்பேசிகளில் வானிலையோடு கூடவே காற்றின் தரத்தையும் காட்டுகிற செயலிகளில் சில, எந்த நிலையத்தையும் கேட்பதில்லை. செயற்கைக்கோள் படங்களையும் காற்றோட்டக் கணக்கையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் போடும் உத்தேசத்தையே தருகின்றன. அப்படிப்பட்ட உத்தேசங்களில் பிரசித்தமான ஐரோப்பியர்களுடைய ‘கோப்பர்நிகஸ்’ கணக்கு, பூமண்டலம் முழுவதையும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணாகத் தருகிறது. நாற்பது கிலோமீட்டர் என்றால் எண்ணூரின் அனல்மின் நிலையமும் திருவான்மியூர்க் கடற்கரையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம்! கண்டங்களுக்கு மேலே புழுதிப் புயல் எப்படி நகர்கிறது என்று பார்ப்பதற்கு அது அபாரமான சாதனம்; எங்கள் தெருமுனையில் டிரான்ஸ்பார்மருக்குக் கீழே யாரோ டயரைக் கொளுத்தியதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நிலையம் இல்லாத ஊர்க்காரர்களுக்கு (தமிழ்நாட்டில் அவர்கள்தாம் அதிகம்) கைப்பேசி காட்டுகிற எண் பெரும்பாலும் இந்த ஜாதியைச் சேர்ந்தது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இடம் ஆயிற்று. அடுத்தது காலம். எனக்குப் பெரிய அதிர்ச்சியைக் கொடுத்தது இதுதான்.

‘சமீர்’ செயலியில் காலை ஆறு மணிக்கு நாம் காணும் எண் காலை ஆறு மணியின் காற்றைக் குறிப்பது அன்று. முந்தின நாள் காலை ஆறு மணியிலிருந்து இந்த ஆறு மணி வரையில் உள்ள இருபத்துநாலு மணி நேரத்தின் சராசரி அது. மணிக்கொரு தடவை எண் மாறுவதைப் பார்த்து, இது ‘இப்போதைய’ நிலவரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், நேற்றைய தினத்தின் ஒரு மணி நேரம் பின்பக்கத்தில் கழன்று விழ, இன்றைய தினத்தின் ஒரு மணி நேரம் முன்பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் சங்கதி. ஒருவனுக்கு நடுராத்திரியில் ஜுரம் 104 டிகிரி அடிக்கும்போது, பகல் முழுவதும் அவன் சௌக்கியமாக இருந்ததையும் கூட்டி வகுத்து, ‘சராசரி 99தான், பயமில்லை’ என்று வைத்தியர் சொன்னால் எப்படி இருக்கும்?

போகிப் பண்டிகையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் விடியற்காலை நாலு மணிக்கே பழைய பாயும், தலையணையும், (யார் கண்ணிலும் படாமல்) பழைய டயரும் எரிய ஆரம்பித்துவிடும். மார்கழிக் குளிரில் தரையை ஒட்டிய காற்று மேலே எழும்பாமல் ஒரு மூடி போட்டாற்போல் நிற்கும். புகை போக வழியில்லை. 2018ஆம் வருஷத்துப் போகியன்று புகையும் பனியும் கலந்து, மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டது பலருக்கும் ஞாபகம் இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு விடியலில், புகை உச்சத்தில் இருக்கும் ஆறு மணிக்கு, சராசரிக் குறியீட்டில் முந்தின நாள் மத்தியானத்தின் சுத்தமான கடற்காற்றும் கலந்திருப்பதால் எண் அடக்கமாகத்தான் தெரியும். பிறகு வெயில் ஏறி, கடற்காற்று வந்து, புகையெல்லாம் போய், தெருவில் சுகமாக நடக்கலாம் என்கிற மத்தியான வேளையிலோ, விடியற்காலைப் புகையைச் சுமந்துகொண்டு அதே குறியீடு தலைவிரித்து ஆடும். அபாயத்தில் சமாதானம் சொல்லி, சமாதானத்தில் அபாயச் சங்கு ஊதும் அபூர்வமான ஏற்பாடு!

இதைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்லர். ஒரு நாள் முழுவதும் சுவாசித்த அளவுக்கும் வியாதிக்கும் உள்ள சம்பந்தத்தைத்தான் வைத்திய சாஸ்திரம் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறது. ஆகையால் நாள் சராசரியை வைத்துப் பிரமாணம் செய்தார்கள். அமெரிக்கர்கள் இந்தச் சிக்கலைக் கண்டு, கடந்த பன்னிரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, கிட்டத்து மணிகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்கும் ‘நவ்காஸ்ட்’ என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். நமக்கும் ஒரு வழி இல்லாமல் இல்லை. மத்திய வாரியத்தின் இணையதளத்தில் சற்றுப் பொறுமையோடு உள்ளே போனால், ஒவ்வொரு நிலையத்தின் எண்ணும் பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்றாக, சராசரியின் கலப்படமின்றிக் கிடைக்கிறது. (பொறுமை என்று சொன்னதை அழுத்திப் படியுங்கள். அந்தத் தளத்தின் பட்டியல்களில் வழி கண்டுபிடிப்பவர் பாக்கியவான்.)

இவ்வளவும் தெரிந்த பிறகு, யாரையும் நம்ப வேண்டாம், நாமே அளந்துவிடுவோம் என்று முடிவு செய்து, உள்ளங்கையளவு இருக்கும் ஒரு கருவியை இணையத்தில் வரவழைத்தேன்.

பெட்டி வந்தது. உள்ளே ஒரு சின்ன விசிறி, ஒரு லேசர் ஒளி, அந்த ஒளி தூசியில் பட்டுச் சிதறுவதைப் பார்க்கும் ஒரு கண். சிதறலை வைத்துத் தூசியின் எடையை ஊகிப்பதுதான் அதன் வித்தை. அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து நான் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்த சமயம், வீட்டில் சாம்பாருக்குத் தாளித்தார்கள். கடுகு வெடித்தது, மிளகாய் கருகிற்று, கருவி கூக்குரலிட்டது. அதன் முகத்தில் இருந்த சின்னப் பொம்மை அழுதது.

“என்னவாம் அதுக்கு?”

“வீட்டுக்குள்ள காத்து அபாய நிலையில இருக்காம்.”

“அப்போ இனிமே தாளிக்கறதுக்கும் லைசென்ஸ் வாங்கணுமா?”

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டபோதும் அதே கதை. கொசுவர்த்திக்கு அதைவிட மோசம். வேடிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இதில் ஓர் உண்மை இருக்கிறது: நாம் நாளின் பெரும் பகுதியைக் கழிப்பது வீட்டுக்குள், அங்கே அடுப்பும், ஊதுவத்தியும், கொசுவர்த்தியும் செய்கிற காரியம் எந்த வாரியத்தின் குறியீட்டிலும் ஏறுவதில்லை. வெளிக்காற்று மோசம் என்று ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டு உள்ளே கொசுவர்த்தி ஏற்றிக்கொள்ளும் புத்திசாலிகள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

கருவியைப் பால்கனிக்கு மாற்றியதும் வேறொரு தகராறு ஆரம்பமாயிற்று. மழை விட்ட விடியற்காலைகளில், காற்று கழுவித் துடைத்தாற்போல் இருக்க வேண்டிய நேரத்தில், அது ஏகமாகக் கத்தியது. விசாரித்ததில் காரணம் புரிந்தது. ஈரம் மிகுந்த காற்றில் நுண்துகள்கள் நீரைக் குடித்துப் பருத்துவிடுகின்றன; பருத்த துகள் ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது; லேசருக்கு நீரென்றும் தூசியென்றும் பேதம் தெரியாது. கடலை மடியில் கட்டிக்கொண்டிருக்கும் சென்னைப் பட்டணத்தில் இது அடிக்கடி நேர்கிற விபரீதம். வாரியங்கள் நிலையங்களில் வைத்திருக்கும் பெரிய யந்திரமோ வேறு முறையில் வேலை செய்கிறது. நிமிஷத்துக்கு 16.7 லிட்டர் காற்றை உறிஞ்சி, தேவைப்பட்டால் சூடாக்கி ஈரத்தைப் போக்கி, ஒரு வடிகட்டி நாடாவின்மேல் அதைச் செலுத்துகிறது. நாடாவில் படிந்த தூசியை ஊடுருவும்போது பீட்டாக் கதிர் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து எடையைக் கண்டுபிடிக்கிறது. மணிக்கு ஒரு கறுப்பு வட்டமாக அந்த நாடாவில் தூசி பதிந்துகொண்டே போகும். அந்த யந்திரத்துக்கும் என்னுடைய பெட்டிக்கும் விலையில் உள்ள வித்தியாசம், பங்களாவுக்கும் அதன் கதவுப் பூட்டுக்கும் உள்ளது.

அதற்காகச் சின்னக் கருவிகள் வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அமெரிக்காவில் ‘பர்ப்பிள்ஏர்’ என்ற இவ்வகைக் கருவியை ஆயிரக்கணக்கான சாமானிய ஜனங்கள் வீடுகளில் மாட்டியிருக்கிறார்கள். அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தன் பெரிய யந்திரங்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, அவை காட்டும் எண்ணைச் சுமார் பாதியாக்கி, ஈரப்பதத்துக்கும் ஒரு கழிவு போட்டு, அந்தத் திருத்தத்தோடு காட்டுத்தீப் புகையின் வரைபடத்தில் சேர்த்துக்கொள்கிறது. நானும் என் பெட்டியின் எண்களைக் கொடுங்கையூர் நிலையத்தின் மணிக்கணக்கு எண்களோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தேன். அது ஏறும்போது இது ஏறுகிறது. அது இறங்கும்போது இதுவும் இறங்குகிறது. எவ்வளவு என்பதில்தான் வியாஜ்யம். ஆகையால் ‘நேற்றைவிட இன்று மோசமா, முன்பக்கத்து ஜன்னலைத் திறப்பதா பின்பக்கத்து ஜன்னலையா’ என்ற கேள்விகளுக்கு என் பெட்டியை நம்புகிறேன். ‘சட்டத்தின் வரம்பு மீறப்பட்டதா’ என்ற கேள்விக்கு நம்பமாட்டேன். கோர்ட்டும் நம்பாது.

இத்தனை ஆராய்ச்சியையும் ஒரே வார்த்தையில் தூக்கியெறிந்தவர் எங்கள் வாட்ச்மேன்.

அவர் மணலிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற பெரியவர். ஒரு நாள் காலையில் நான் கீழே இறங்கி வந்தபோது, கைப்பேசியைப் பார்த்து, “பெரியவரே, உங்க ஊர்ல இன்னிக்குக் காத்து பரவாயில்லையே, பச்சையா இருக்குதே” என்றேன்.

“பச்சையோ மஞ்சளோ, ராத்திரி பூரா கேஸ் நாத்தம் தாங்கல சார். மருமவ புடவையை நனைச்சு ஜன்னல்ல கட்டிட்டுதான் புள்ளைங்கள தூங்க வெச்சுது. உங்க போனுக்கு மூக்கு இருக்குதா சார்?”

இல்லை. அதுதான் உண்மை. நம் குறியீட்டில் எட்டு மாசுகள்தாம் உண்டு: இரண்டு அளவுத் தூசி, நைட்ரஜன் டை ஆக்ஸைடு, கந்தக டை ஆக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு, ஓஸோன், அமோனியா, ஈயம். அந்த எட்டும் இருந்தே தீர வேண்டுமென்பதுகூட இல்லை. ஏதாவது மூன்றுக்குக் கணக்கு இருந்து, அவற்றில் ஒன்று தூசியாக இருந்தால், பதினாறு மணி நேரத்துக் கணக்குக் கையிலிருந்தால், குறியீட்டை வெளியிடலாம். எட்டில் எது மிக மோசமோ அதன் எண்தான் குறியீடு. மற்றவை அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் ஸல்பைடு அந்த எட்டில் இல்லை. புற்றுநோயை உண்டாக்குமென்று நிச்சயமாகத் தெரிந்த பென்ஸீனுக்குத் தேசியப் பிரமாணத்தில் இடம் இருக்கிறது, குறியீட்டில் இடம் இல்லை. ஆகையால் மணலியில் வாழ்பவரின் மூக்கு ‘நாற்றம்’ என்கிறபோதும், கைப்பேசி ‘பச்சை’ என்கிறபோதும், இரண்டுமே வாஸ்தவமாக இருக்கலாம். இந்தச் சந்தர்ப்பத்தில் யந்திரத்தைக் காட்டி மனிதனை வாயடைப்பது மட்டும் அநியாயம்.

2023 டிசம்பர் 26ஆம் தேதி நடுநிசிக்குச் சற்று முன்னால், எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, ஜனங்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் இருட்டில் வீடுகளை விட்டு ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அப்புறம் மாநில வாரியம் தொழிற்சாலை வாசலில் அளந்து சொன்ன அளவு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். 24 மணி நேரத்துக்கு அனுமதிக்கப்பட்ட பிரமாணம் 400. அமோனியா அந்த எட்டில் இருக்கிற மாசுதான், இருந்தும் என்ன? சில நிமிஷங்களில் மூச்சை நிறுத்திவிடக்கூடிய விபத்துக்கு, நாள் சராசரியில் பேசும் குறியீடு எந்த விதத்திலும் காவல் அன்று. அந்த ராத்திரி ஜனங்களை எழுப்பியது மூக்குத்தான்.

இனி, எண்ணே இல்லாத நேரங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தளத்தைத் திறந்தால் சில சமயங்களில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கும். மின்சாரம் போயிருக்கலாம், நாடா தீர்ந்திருக்கலாம், இணைய இணைப்பு அறுந்திருக்கலாம், யந்திரத்தைச் சரிபார்க்க நிறுத்தியிருக்கலாம். இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் 2025 தீபாவளியின்போது தில்லியில் நிலையங்கள் பல ஒழுங்காகப் பேசவில்லை என்ற புகார் உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. பரீட்சை நாளன்று பார்த்துப் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் தகப்பனார் சந்தேகிக்கத்தான் செய்வார்! நம் ஊரிலோ, தானியங்கி நிலையங்கள் வருவதற்கு முன்பிருந்தே கீழ்ப்பாக்கம், தியாகராய நகர், அண்ணா நகர் முதலான இடங்களில் ஆட்கள் போய்க் கையால் மாதிரி எடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள். வருஷத்துக்கு 104 நாள். மீதி 261 நாளும் காற்று என்ன செய்தது என்பது அதற்குத் தெரியாது. வருஷச் சராசரி சொல்லுவதற்கு அது போதும். மூச்சிரைப்புக்காரருக்கு அது போதாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அப்படியானால் எல்லா எண்ணும் புரட்டு’ என்று கைப்பேசியை வீசியெறியப் போகிறவர்களை நான் கையைப் பிடித்து நிறுத்த விரும்புகிறேன். எண்ணுக்கு இருக்கும் சக்தியை ஒரு சரித்திரச் சம்பவம் நன்றாகக் காட்டும். சீனாவில் பீஜிங் நகரத்து அமெரிக்கத் தூதரகம் 2008இல் தன் கட்டடத்தின்மேல் ஒரு நுண்துகள் யந்திரத்தை வைத்து, மணிக்கு மணி ட்விட்டரில் எண்ணை வெளியிட்டுவந்தது. 2010 நவம்பரில் ஒரு நாள் எண் 500ஐத் தாண்டிப் போகவே, அளவுகோலில் அதற்குமேல் வார்த்தையில்லாமல், யாரோ எப்போதோ வேடிக்கையாக எழுதி வைத்திருந்த ‘பைத்தியக்காரத்தனமான மோசம்’ என்ற பொருள்படும் சொற்றொடரை யந்திரம் தானாகவே வெளியிட்டுவிட்டது. சர்க்கார் கணக்குக்கும் இந்த ஒற்றை யந்திரத்தின் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஜனங்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், 2013 ஜனவரியிலிருந்து 74 நகரங்களின் நுண்துகள் கணக்கை மணிதோறும் வெளியிடும்படி சீன அரசாங்கத்துக்கே ஆயிற்று. நம் சென்னையிலும் ஜெமினி மேம்பாலத்துக்கு அருகிலிருக்கும் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் அப்படியொரு யந்திரம் இருந்து, சர்க்கார் எண்ணை ஒத்துப் பார்ப்பதற்கு ஓர் இரண்டாம் சாட்சியாக உதவிற்று. 2025 மார்ச்சில், பணமில்லை என்று சொல்லி, உலகெங்கிலும் உள்ள அந்த எண்களை வெளியிடுவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். சாட்சி போய்விட்டது, இனி நாமே நமக்குச் சாட்சி.

ஆகவே என்னுடைய அபிப்பிராயம் இது. சர்க்கார் நிலையத்தின் எண், அது நிற்கும் இடத்துக்கு, நாளையும் மாதத்தையும் ஒப்பிடுவதற்கு, நம்பத்தக்கது. உங்கள் தெருவுக்கு, இந்த நிமிஷத்துக்கு, உங்கள் மூக்கில் ஏறும் நாற்றத்துக்கு, அது பதில் அன்று; அந்தக் கேள்விக்காக அது உண்டாக்கப்படவும் இல்லை. இனி யாராவது உங்களுக்கு ஓர் எண்ணை அனுப்பினால், நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எந்த நிலையம்? எந்த நேரம், சராசரியா அல்லவா? எந்தத் தேசத்து அளவுகோல்? எந்த மாசு? நான்குக்கும் பதில் தெரியாத எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், தைரியம் கொள்ளவும் வேண்டாம். புகை கண்ணுக்குத் தெரிந்தாலோ, தொண்டை கரகரத்தாலோ, எண் வரும்வரை காத்திராமல் குழந்தைகளையும் முதியவர்களையும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சாலை போட வேண்டும், விளக்குப் போட வேண்டும் என்று வார்டு கவுன்சிலரிடம் மனுக் கொடுக்கிறோம் அல்லவா? அந்த மனுவின் கடைசியில், எங்கள் பகுதிக்கு ஒரு காற்று நிலையம் வேண்டும், அதன் எண்ணை மணிக்கு மணி தமிழில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பலகையில் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பாங்க் மாமாவும் ஐ.டி. பிள்ளையும் எங்கள் மனுவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். (ஒரே பேனாவில். ஆனால் பேசிக்கொள்ளவில்லை.) உங்கள் வீட்டுக்கு மிக அருகிலிருக்கும் நிலையம் எது, எத்தனை கிலோமீட்டர் என்பதை இன்றைக்கே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள், போகிக்கு முன்னால் அது உங்களுக்கு அவசியம் வேண்டியிருக்கும்.